ஊர்க்காரர்கள் செய்யும் தொண்டு போதுமா?

கேள்வி: ஏழைகளுக்கும் நோயாளிகளுக்கும் உதவுவது அரசின் கடமை. சின்னச் சின்ன ஊர்த் தொண்டு அமைப்புகளால் பெரிதாக என்ன செய்துவிட முடியும்?

பதில்: கடமை அரசுடையதுதான். ஆனால் எந்த வீட்டில் யார் படுத்த படுக்கையாகக் கிடக்கிறார் என்பது முதலில் தெரிவது அக்கம்பக்கத்தாருக்குத்தான். கேரளத்தைப் பாருங்கள். 1993-இல் கோழிக்கோட்டில் வலி தணிப்புச் சிகிச்சைக்காக ஒரு சங்கம் தொடங்கியது. மருத்துவமனைக்கு வர இயலாதவர்கள் ஏராளம் என்று தெரிந்ததும், அந்த முயற்சி மலப்புறம் போன்ற மாவட்டங்களில் ஊர்தோறும் அமைப்புகளாக விரிந்தது. உள்ளூர் மக்களின் சிறு நன்கொடைகள்தான் அவற்றைத் தாங்குகின்றன. தன்னார்வலர்கள் வீடு தேடிச் சென்று துணையாக இருக்கிறார்கள். அரிசி, பருப்பு கொண்டு சேர்க்கிறார்கள். பிள்ளைகளின் படிப்புக்கு வழி செய்கிறார்கள்.

மருத்துவம் படிக்காதவர்கள் நோயாளியைப் பராமரிக்கலாமா என்று கேட்பீர்கள். அவர்களுக்குப் பயிற்சி தரப்படுகிறது. மருந்தை முடிவு செய்வது மருத்துவர்தான். இப்படி மக்களே செய்தால் அரசு கைகழுவிவிடாதா என்ற அச்சமும் நியாயமானதே. ஆனால் அங்கே நடந்தது அதற்கு நேர்மாறு. 2008-இல் கேரள அரசு வலி தணிப்புப் பராமரிப்புக்கென்று தனிக் கொள்கையே வகுத்தது. உள்ளாட்சி அமைப்புகள் செவிலியரை வீடுகளுக்கு அனுப்பத் தொடங்கின. ஊர் முன்னே நடந்தால் அரசையும் நடக்க வைக்கலாம். உங்கள் தெருவில் நாலு பேரைச் சேர்த்து இன்றே தொடங்குங்கள்.