சமவெளியில் பாறையேற்றம்: ஒரு வளப் பயன்பாட்டுப் பாடம்

மலைகளே இல்லாத சமவெளியில் பாறையேற்றத்திற்கு இடமேது என்ற ஐயம் எழுவது இயல்பே. இதற்கு விடையளிப்பது, அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத் தென்மேற்கு மூலையிலுள்ள புளூ மவுண்ட்ஸ் மாநிலப் பூங்காவாகும். அங்குப் பரந்த புல்வெளியின் நடுவே, 'சூ குவார்ட்சைட்' எனப்படும் இளஞ்சிவப்புக் கல், சுமார் 90 அடி உயரச் செங்குத்துப் பாறையாக எழுந்து நிற்கிறது. கயிற்றின் துணையுடன் அதில் ஏறுவோரும், கயிறின்றித் தாழ்ந்த பாறைகளில் ஏறும் 'போல்டரிங்' பயிற்சியினரும் அங்கு வருகின்றனர்.

இதே வகைக் கல்லை வெட்டியெடுத்தே அருகிலுள்ள லூவர்ன் நகரில் 1880-களில் நீதிமன்றக் கட்டடம் எழுப்பப்பட்டது. வெட்டிய கல் ஒரு கட்டடத்துடன் முடிந்துவிடும். வெட்டப்படாத கல்லோ தலைமுறைதோறும் பயன்தரும்.

எனினும் அப்பயனுக்கும் ஓர் எல்லை உண்டு. மின்னசோட்டாவின் தொல் புல்வெளியில் இன்று எஞ்சியிருப்பது 2 விழுக்காட்டிற்கும் குறைவே. ஏனைய நிலம் பெரும்பாலும் உழப்பட்டு வயல்களாகிவிட்டது. பாறைமேல் மண் மிக மெல்லிதாக இருந்தமையால் இக்குன்றில் ஏர் செல்லவில்லை, புல் பிழைத்தது. ஆனால் அதே மெல்லிய மண் மிதிபட்டால் எளிதில் அழியும். பாறை ஆயிரம் பேரைத் தாங்கும். அதன் விளிம்பிலுள்ள புல்லும் கள்ளியும் தாங்கா.

எனவே ஏறுவோர் அனுமதிச் சீட்டுப் பெறவேண்டும் என்பது விதி. அதற்குக் கட்டணமில்லை. இதனால் கருவூலத்திற்கு வருவாய் இல்லையெனினும், ஏறுவோரை நிருவாகம் அறிந்து நெறிப்படுத்த முடிகிறது. ஒரு பொதுவளத்தின் தாங்குதிறனை அதன் வலிய பகுதியைக் கொண்டன்று, மெலிந்த பகுதியைக் கொண்டே கணித்தல் வேண்டும்.