வாசி இல்லாத காசு

அன்புள்ள தம்பிக்கு,

ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. வீட்டுத் தோட்டங்களைப் பராமரிக்கும் தொழிலில் இறங்கியிருக்கிறீர்கள். மணிக்கு எவ்வளவு கேட்பது என்று குழம்புகிறீர்கள். சிதம்பரத்தை ஒட்டிய அண்ணாமலை நகரில் ஒரு வீட்டுக்காரர், "நூறு நாள் வேலைக்கு ஒரு நாளைக்கே 336 ரூபாய்தான், நீ மணிக்கு நூறா?" என்று கேட்டது உங்களைச் சுட்டிருக்கிறது.

அவர் சொன்ன தொகை சரிதான். 2025-26க்குத் தமிழ்நாட்டில் அறிவித்த நாள் கூலி அது. எட்டால் வகுத்தால் மணிக்கு 42 ரூபாய். ஆனால் அந்த வேலைக்குப் போகிறவர் ஊர் ஏரிக்கு நடந்தே போய்விடுவார். நீங்கள் சிதம்பரத்துக்கு நாற்பது கிலோமீட்டரை ஒட்டி பைக் ஓட்டுகிறீர்கள், பின்சீட்டில் புல் வெட்டும் மெஷினைக் கட்டிக்கொண்டு. உங்கள் நூறு ரூபாய் எனக்கும் தவறாகத்தான் படுகிறது. அது போதாது.

நோட்டை எடுங்கள். வீட்டுக்கு மாதம் 18,000 ரூபாய் வேண்டும் என்று வைப்போம். பைக் பெட்ரோல் மூவாயிரத்துக்கு மேல். மெஷினுக்குப் பெட்ரோல், ஆயில், நைலான் நரம்பு, பழுது, இரண்டு வருஷத்தில் புது மெஷின் வாங்க ஒதுக்குவது எல்லாம், பைக் பெட்ரோலையும் சேர்த்து, ஆறாயிரம் ஆகிவிடும். மொத்தம் 24,000. மாதத்தில் எத்தனை நாள் வேலை? இருபது என்று போடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை நாட்கள் போய்விடும். மாசி மகத்துக்கு உங்கள் ஊர்ப் பெருமாள் கிள்ளைக் கடற்கரைக்குக் கிளம்பினால் நீங்களும் பின்னாலேயே போய்விடுவீர்கள். போகவர வழியில் இரண்டரை மணி நேரம், கத்தி தீட்ட, குப்பை அள்ள, வீட்டுக்காரம்மாவிடம் முருங்கைக்கிளை பற்றிப் பேச என்று கழித்தால், ஒரு நாளில் கூலிக்குரிய வேலை ஐந்து மணி நேரம் தேறினால் பெரிது. மாதம் நூறு மணி. ஆக மணிக்கு 240 ரூபாய்.

இந்த 240ஐ யாரிடமும் சொல்லாதீர்கள். அது உங்கள் நோட்டுக்குள் இருக்கவேண்டிய எண். மணிக்கணக்கு சொன்னால் வீட்டுக்காரர் திண்ணையில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்ப்பார், நீங்கள் டீ குடிப்பதைக்கூட எண்ணுவார். இன்னொரு வினோதமும் உண்டு: கை பழகப் பழக இரண்டு மணி வேலையை ஒன்றரை மணியில் முடிப்பீர்கள், கூலி குறையும். திறமைக்கு அபராதம் கட்டுவதுபோல. இரண்டு மணி பிடிக்கும் தோட்டம், மாதம் இரண்டு தடவை என்றால் மாதத்துக்கு ஆயிரம் ரூபாய் என்று சொல்லுங்கள். ஒரே தெருவில் மூன்று வீடு பிடித்துவிட்டால் வழிச்செலவு மூன்றாகப் பிரியும். சோழர் காலத்திலேயே திருநந்தவனம் காத்தவர்களுக்கு நிலமும் நெல்லும் விட்டதைக் கல்வெட்டுகள் சொல்கின்றன. நாழிகைக் கணக்கு பார்க்கவில்லை.

கோரைக்கு மட்டும் தனிக் கணக்கு வையுங்கள். உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை: உங்கள் ஊர்ப் பூவராகர் கோயிலில் கோரைக்கிழங்கைத்தான் பிரசாதமாகத் தருகிறார்கள், பன்றி விரும்பித் தோண்டித் தின்னும் கிழங்கு அல்லவா! ஆனால் புல்தரையில் அதே கோரை சாமிக்கும் அடங்காது. மேலே பிடுங்கினால் தழை வரும். கீழே கிழங்கு சங்கிலியாக நிற்கும், பத்து நாளில் மறுபடி முளைக்கும். வீட்டுக்காரர் நீங்கள் ஏமாற்றியதாக நினைப்பார். ஆகவே முதல் நாளே ஒரு கிழங்கைத் தோண்டி அவர் கையில் கொடுத்துக் காட்டிவிட்டு, நாலைந்து தடவை கொத்த வேண்டும் என்று சொல்லி, அதற்கென்று ஒரு தொகை பேசுங்கள்.

கூலி கேட்கக் கூச்சமாக இருக்கிறது என்று ஒரு வரி எழுதியிருந்தீர்களே, அது என்னை உறுத்தியது. களை செதுக்கும் கருவியைக் கையில் ஏந்தியபடியே சிலையாக நிற்கும் அப்பர் நம் மாவட்டத்துக்காரர். பிறந்தது திருவாமூர், உழவாரப் பணியைத் தொடங்கியது கெடிலக்கரைத் திருவதிகையில். திருவீழிமிழலையில் பஞ்சம் வந்தபோது அவருக்கும் சம்பந்தருக்கும் இறைவன் தினம் ஒரு பொற்காசு வைத்தான் என்கிறது பெரியபுராணம். சம்பந்தரின் காசை மாற்றப் போனால் கடைக்காரர் வாசி என்று ஒரு கழிவைப் பிடித்துக்கொண்டார். அப்பர் காசுக்கு வாசியில்லை. காரணத்தையும் சேக்கிழார் சொல்லிவிடுகிறார்: அது கைத்தொண்டு செய்தவருக்குக் கிடைத்த காசு. அப்பர் கூலி கேட்டவரல்லர், தெரியும். ஆனாலும் புல் செதுக்கிய கைக்கு வந்த காசின் மதிப்பைப் பன்னிரண்டாம் நூற்றாண்டிலேயே ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். நீங்கள் ஏன் தலையைச் சொறிய வேண்டும்?

புயலில் சாயும் மரங்களை அகற்றுவதற்கான விலையை வெயில் காலத்திலேயே பேசிவிடுங்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயலில் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தது உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அப்படிப்பட்ட நாளில் வாய்க்கு வந்ததைக் கேட்டால் கிடைக்கும், ஆனால் பொங்கலுக்குப் பிறகு அந்தத் தெரு உங்களைக் கூப்பிடாது. மரம் மின்கம்பியில் கிடந்தால் எந்த விலைக்கும் தொடாதீர்கள். மின்வாரியத்து ஆள் வரட்டும்.

அண்ணாமலை நகர்க்காரரிடம் திரும்பப் போங்கள். மாதம் ஆயிரம் என்று சொல்லுங்கள். பேரம் பேசினால், வேலி வெட்டுவதை விட்டுவிட்டு, மாதம் ஒரு தடவை மட்டும் வருவதாகச் சொல்லி ஐந்நூறுக்கு ஒப்புக்கொள்ளுங்கள். மூன்று மாதம் கழித்து வேலி தெருவுக்கு வந்திருக்கும், அவரே கூப்பிடுவார்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்