தூண்டில் போட இடம் தேடுவோம் – கூகுள் எர்த் செயல்முறைப் பாடம்

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கிய வீடுகளில் விடுமுறை நாட்களில் ஒரு காட்சியைத் தவறாமல் பார்க்கலாம். பிள்ளைகள் கேம்ஸ் விளையாடிக் கொண்டே இருப்பார்கள். பெற்றோர் "போதும், எழுந்திரு" என்று சொல்லிக் கொண்டே இருப்பார்கள். அதே கம்ப்யூட்டரை வைத்துப் பிள்ளைகளை வீட்டுக்கு வெளியே அழைத்துச் செல்ல முடியுமா? முடியும். தூண்டில் போட்டு மீன் பிடிக்க நல்ல இடம் ஒன்றை கூகுள் எர்த் மூலம் கண்டுபிடிப்பது எப்படி என்று இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

முதலில் என் அனுபவத்தைச் சொல்லிவிடுகிறேன். சிறு வயதில் நான் விரால் பிடித்த ஏரிக்கு என் மகனையும் அக்கா மகளையும் அழைத்துப் போனேன். மூன்று மணி நேரம் உட்கார்ந்தோம். தக்கை அசையவே இல்லை. "எப்ப வீட்டுக்குப் போகலாம்?" என்று இருவரும் மாறி மாறிக் கேட்டார்கள். நான் செய்த தவறு என்ன? எனக்குப் பிடித்த இடத்தைத் தேர்வு செய்தேன். பிள்ளைகளுக்கு ஏற்ற இடத்தைத் தேர்வு செய்யவில்லை. அதைவிடப் பெரிய தவறு ஒன்றும் இருந்தது. அது பின்னர்தான் தெரிந்தது. அதைப் பாடத்தின் நடுவே சொல்கிறேன்.

எது நல்ல இடம்?

பிள்ளைகளுக்கு நல்ல இடம் என்பது பெரிய மீன் இருக்கும் இடம் அல்ல. சிறிய மீன் அடிக்கடி கடிக்கும் இடம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தக்கை அசைந்தால் போதும், பிள்ளை எழுந்திருக்க மாட்டான். ஆகவே ஐந்து விஷயங்களைப் பார்க்க வேண்டும்.

1. வீட்டிலிருந்து அரை மணி நேரத்துக்குள் போய்ச் சேரும்படி இருக்க வேண்டும்.
2. கரை சரிவாக, ஓரத்தில் ஆழம் குறைவாக இருக்க வேண்டும்.
3. உட்கார நிழல் வேண்டும்.
4. ஜிலேபிக் கெண்டை போன்ற சிறு மீன்கள் இருக்க வேண்டும்.
5. மீன் பிடிக்கத் தடை இருக்கக் கூடாது.

முதல் மூன்றையும் பெருமளவு கம்ப்யூட்டரிலேயே பார்த்துவிடலாம். கடைசி இரண்டுக்கும் நேரில் போய்த்தான் விசாரிக்க வேண்டும்.

தேவையான மென்பொருள்

கூகுள் எர்த் 2005-ல் வெளியானது. அதன் ப்ரோ பதிப்புக்கு முன்பு கட்டணம் இருந்தது. 2015 முதல் இலவசம். கூகுள் தேடலில் "கூகுள் எர்த் ப்ரோ" என்று தேடினால் பல தளங்கள் வரும். கூகுளின் சொந்தத் தளத்தில் இருந்து மட்டுமே டவுன்லோட் செய்யுங்கள். மற்ற தளங்களில் வைரஸ் சேர்ந்து வர வாய்ப்பு உண்டு. ஃபைலை டபுள் க்ளிக் செய்து இன்ஸ்டால் செய்யுங்கள். இயங்கும்போது இணைய இணைப்பு இருக்க வேண்டும்.

படி 1: வீட்டைக் குறியுங்கள்

இடது பக்கம் மேலே உள்ள சர்ச் பெட்டியில் உங்கள் ஊரின் பெயரை டைப் செய்து என்டர் விசையை அழுத்துங்கள். உலக உருண்டை சுழன்று உங்கள் ஊரின் மேல் வந்து நிற்கும். மவுஸின் சக்கரத்தை உருட்டி, உங்கள் தெரு தெரியும் வரை அருகில் செல்லுங்கள். படம் சாய்ந்தோ திரும்பியோ போனால் கவலை வேண்டாம். ஆர் விசையை அழுத்தினால் வடக்கு மேலே இருக்கும்படி நேராகிவிடும்.

இப்போது ஆட் மெனுவில் ப்ளேஸ்மார்க் என்பதை க்ளிக் செய்யுங்கள். மஞ்சள் ஊசி ஒன்று தோன்றும். அதை இழுத்து உங்கள் வீட்டின் மேல் வைத்து, பெயர்ப் பெட்டியில் "வீடு" என்று டைப் செய்து ஓகே கொடுங்கள். இதைப் பிள்ளையின் கையால் செய்ய வையுங்கள். தன் வீட்டின் மொட்டை மாடியை வானத்திலிருந்து பார்க்கும் மகிழ்ச்சியே தனி!

படி 2: வட்டம் போடுங்கள்

டூல்ஸ் மெனுவில் ரூலர் என்பதை க்ளிக் செய்யுங்கள். தோன்றும் டயலாக் பாக்ஸில் சர்க்கிள் என்ற டேப்பைத் தேர்வு செய்து, அளவு கிலோமீட்டரில் இருக்கும்படி மாற்றிக் கொள்ளுங்கள். வீட்டின் மேல் ஒரு க்ளிக். மவுஸை நகர்த்துங்கள். ஆரம் 10 கிலோமீட்டர் என்று காட்டும்போது இன்னொரு க்ளிக். பிறகு சேவ் செய்யுங்கள். ஏறக்குறைய அரை மணி நேர டூவீலர் பயணத்தில் எட்டக் கூடிய இடங்கள் இந்த வட்டத்துக்குள் அடங்கிவிடும்.

உதாரணத்துக்கு தஞ்சாவூரை எடுத்துக் கொள்வோம். பெரிய கோவிலை மையமாக வைத்து வட்டம் போட்டால் அதன் வடக்கு விளிம்பு ஏறக்குறைய திருவையாற்றைத் தொடும். தஞ்சையிலிருந்து திருவையாறு செல்லும் சாலையை அப்படியே பின்தொடருங்கள். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆறுகள் குறுக்கே வரும். பெயர்க் காரணத்தைப் பிள்ளைக்குச் சொல்ல இதைவிட நல்ல பாடம் கிடையாது. ஆற்றிலிருந்து வாய்க்கால், வாய்க்காலிலிருந்து கிளை வாய்க்கால், அதிலிருந்து குளம் என்று தண்ணீர் போகும் வழியை மவுஸாலேயே தொடர்ந்து போகலாம்.

படி 3: தண்ணீரைப் படியுங்கள்

மேலிருந்து பார்க்கும்போது எல்லாத் தண்ணீரும் நீலமாகத் தெரியாது. கரும்பச்சை அல்லது கருப்பாகத் தெரிந்தால் பெரும்பாலும் தேங்கிய தண்ணீர். பழுப்பாக இருந்தால் வண்டல் கலந்து ஓடுகிறது. இளம்பச்சைத் திட்டுகளாக, பாய் விரித்தது போல இருந்தால் ஆகாயத்தாமரையாக இருக்கலாம். அங்கே தூண்டில் முள் சிக்கிச் சிக்கி பிள்ளைக்கு அழுகை வந்துவிடும். கரையோரம் வட்ட வட்டமாகத் தெரிபவை மரங்கள். மாலையில் போவதாக இருந்தால் நீரின் மேற்குக் கரையில் மரம் இருக்கும் இடத்தைத் தேர்வு செய்யுங்கள். வெயில் முதுகுப் பக்கம் இருந்து வரும். மர நிழல் தண்ணீர்ப் பக்கமாக விழும்.

மதகு, ரெகுலேட்டர், தடுப்பணை ஆகியவற்றின் கீழ்ப்புறம் மீன் கூடும் என்பது உண்மை. ஆனால் அங்கே நீர்ச்சுழல் இருக்கும். பிள்ளைகளோடு போகும்போது அந்த இடங்களைப் பட்டியலில் சேர்க்கவே வேண்டாம். பெரிய ஆறு, பெரிய கால்வாய்களும் வேண்டாம். சிறு வாய்க்கால், ஊர்க் குளம் இவையே போதும்.

படி 4: கடிகாரத்தை க்ளிக் செய்யுங்கள்

இந்தப் பாடத்தில் மிக முக்கியமான படி இதுதான். மேலே உள்ள டூல்பாரில் கடிகாரம் போன்ற ஐகான் இருக்கும். அதை க்ளிக் செய்தால் படத்தின் மேல் ஒரு ஸ்லைடர் தோன்றும். அதை இழுத்தால் அதே இடத்தின் பழைய படங்கள் ஒவ்வொன்றாக வரும். எந்தத் தேதியில் எடுத்த படம் என்பதும் தெரியும். இந்த வசதி 2009-ல் கூகுள் எர்த்தில் சேர்க்கப்பட்டது.

நீங்கள் குறித்து வைத்த ஏரிக்கோ குளத்துக்கோ ஏப்ரல், மே, ஜூன் மாதப் படம் ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள். தண்ணீர் வற்றி, தரை தெரியும் படமாக இருக்க வேண்டும். அதில் என்ன பார்க்க வேண்டும்? மண் அள்ளிய குழிகளை. இயற்கையான பள்ளம் மெல்லச் சரியும். விளிம்பு மங்கலாகத் தெரியும். இயந்திரம் வெட்டிய குழிக்கு விளிம்பு நேர்க்கோடாக, கட்டம் கட்டியது போல இருக்கும். ஒரு பக்கம் கருநிழல் விழுந்திருக்கும். லாரி போன தடம் குழி வரை வந்து நிற்கும்.

மழை பெய்து ஏரி நிரம்பிவிட்டால் இந்தக் குழி எதுவும் வெளியே தெரியாது. முழங்கால் அளவுத் தண்ணீரில் நடப்பவர் அடுத்த அடியில் தலைக்கு மேல் போய்விடுவார். ஏரி, குளங்களில் பிள்ளைகள் மூழ்கினார்கள் என்று நாம் படிக்கும் செய்திகளில் பலவற்றுக்குப் பின்னால் இப்படி ஒரு குழி இருக்கிறது.

நான் சொன்ன பெரிய தவறு இதுதான். ஏமாந்து திரும்பிய சில நாட்கள் கழித்து, நாங்கள் உட்கார்ந்திருந்த ஏரியை இதே ஸ்லைடரில் பின்னோக்கி இழுத்துப் பார்த்தேன். ஒரு கோடைக்காலப் படத்தில் ஏரி வறண்டு கிடந்தது. எங்கள் கரைக்கு நேர் எதிரே செவ்வகமாக ஒரு குழி. ரூலரை எடுத்து அளந்தேன். நாங்கள் இருந்த இடத்திலிருந்து எட்டு மீட்டர்! என் மகன் தக்கையை எடுக்கிறேன் என்று அன்று இரண்டு முறை தண்ணீரில் இறங்கியிருந்தான். எனக்குத் தெரிந்த ஏரி என்று நான் நினைத்தது முப்பது வருடத்துக்கு முந்தைய ஏரி.

இரண்டு எச்சரிக்கைகள். ஒன்று, படத்தில் குழி இல்லை என்றால் அங்கே குழியே இல்லை என்று பொருள் அல்ல. கடைசிப் படத்துக்குப் பிறகு தோண்டியிருக்கலாம். குழி தெரிந்தால் அந்த இடத்தை நீக்கிவிடுங்கள். தெரியாவிட்டால் நேரில் விசாரியுங்கள். இரண்டு, திரையின் கீழே எலிவேஷன் என்று ஓர் எண் தெரியும். அது கடல் மட்டத்திலிருந்து அந்த இடத்தின் உயரம். தண்ணீரின் ஆழம் என்று தவறாக எண்ணிவிடாதீர்கள்.

படி 5: மூன்று இடங்களைச் சேமியுங்கள்

தேறிய இடங்களில் மூன்றை மட்டும் ப்ளேஸ்மார்க் ஆகக் குறியுங்கள். ஒவ்வொன்றிலும் குறிப்புப் பெட்டி இருக்கும். "மேற்குக் கரை, புளியமரம், வண்டி நிறுத்த இடம் உண்டு" என்பது போல எழுதி வையுங்கள். ப்ளேஸ்மார்க் மேல் மவுஸின் வலது பட்டனை அழுத்தி ப்ராப்பர்ட்டீஸ் திறந்தால் அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள் தெரியும். அவற்றை இடையே ஒரு கமா போட்டு மொபைல் போனின் கூகுள் மேப்ஸ் தேடல் பெட்டியில் கொடுத்தால் வழி காட்டும். கூகுள் எர்த்தை மூடும்போது இடங்களைச் சேமிக்கவா என்று கேட்டால் சேவ் கொடுக்க மறக்காதீர்கள்.

படி 6: முதலில் நீங்கள் மட்டும் போங்கள்

மூன்று இடங்களையும் பிள்ளைகள் இல்லாமல் ஒருமுறை பார்த்து வாருங்கள். அங்கே ஆடு மாடு மேய்ப்பவரிடமோ, துணி துவைப்பவரிடமோ மூன்று கேள்விகள் கேளுங்கள். எங்கே ஆழம்? எங்கே மண் எடுத்தார்கள்? மீன் குத்தகை யாரிடம் இருக்கிறது? தமிழ்நாட்டில் பல ஏரி, குளங்களின் மீன்பிடி உரிமை குத்தகைக்கு விடப்படுகிறது. குத்தகைதாரர் குஞ்சு வாங்கி விட்டு வளர்த்திருப்பார். அவரைக் கேட்காமல் தூண்டில் போடுவது முறையல்ல. "பிள்ளைகள் விளையாட்டுக்கு" என்று கேட்டுப் பாருங்கள், பலர் மறுப்பதில்லை. கோவில் குளங்களில் மீன் பிடிக்கக் கூடாது.

காவிரிப் பாசனப் பகுதியில் இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-ல் திறக்கப்பட்டு ஜனவரி 28-ல் மூடப்படும். நீர்வரத்தைப் பொறுத்துத் தேதி மாறலாம். தண்ணீர் ஓடும் மாதங்களில் நேற்று பார்த்த வாய்க்கால் இன்று இரு மடங்கு உயரத்தில் ஓடலாம். அணை மூடிய பிறகு ஆங்காங்கே தேங்கி நிற்கும் சிறு மடுக்களில் மீன் ஒதுங்கும். ஆழம் விசாரித்துவிட்டுப் போனால் பிள்ளைகளுக்கு அதுவே ஏற்ற காலம்.

எந்த மீன், என்ன இரை?

தொடக்கத்துக்கு ஜிலேபிக் கெண்டையே சிறந்தது. 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட இந்த மீன் இன்று ஏறக்குறைய எல்லாக் குளங்களிலும் இருக்கிறது. ஓரத்திலேயே திரியும். மண்புழு, மைதா உருண்டை எதையும் கடிக்கும். சிறிய தூண்டில் முள், மெல்லிய நரம்பு, நெட்டித் தக்கை, ஒரு மூங்கில் குச்சி போதும். கெளுத்தி மாட்டினால் பிள்ளையைக் கழற்ற விடாதீர்கள். அதன் முள் குத்தினால் கடுக்கும்.

படி 7: பிள்ளையின் கணக்குப் புத்தகம்

ஒருமுறை போய் வந்ததும் ஆர்வம் குறைந்துவிடாமல் இருக்க ஒரு வழி. எக்செல் அல்லது இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் திறந்து ஆறு தலைப்புகள் கொடுங்கள்: தேதி, இடம், நேரம், இரை, மீன், எண்ணிக்கை. ஒவ்வொரு முறை போய் வந்ததும் பிள்ளையே டைப் செய்யட்டும். நான்கைந்து முறை ஆனதும் அட்டவணை முழுவதையும் தேர்வு செய்து, டேட்டா மெனுவில் சார்ட் கட்டளை மூலம் "இரை" வரிசைப்படி அடுக்குங்கள். ஒரே ஒரு நெடுவரிசையை மட்டும் தேர்வு செய்து அடுக்கினால் தகவல்கள் இடம் மாறிக் குழம்பிவிடும், கவனம். இப்போது மண்புழுவுக்கு எத்தனை, மைதாவுக்கு எத்தனை என்று கூட்டிப் பார்க்கலாம். காலையா மாலையா என்ற கேள்விக்கும் இப்படியே விடை கிடைக்கும்.

இந்த முறையில் தேர்ந்தெடுத்த வாய்க்காலுக்கு நாங்கள் போன முதல் நாள் பதினொரு மீன். எல்லாமே விரல் நீளம்தான். ஒன்பதைத் திரும்ப விட்டுவிட்டோம். வீட்டுக்கு வந்ததும் என் மகன் கம்ப்யூட்டரைப் போட்டான். கேம்ஸ் திறப்பான் என்று நினைத்தேன். அட்டவணையைத் திறந்து "11" என்று டைப் செய்தான்.

மறக்கக் கூடாதவை

* பிள்ளைகள் உங்கள் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். நீச்சல் தெரிந்தாலும் லைஃப் ஜாக்கெட் போடுங்கள்.
* தக்கையோ முள்ளோ சிக்கினால் நரம்பை அறுத்துவிடுங்கள். எடுக்க இறங்காதீர்கள்.
* இடி இடித்தால் உடனே கிளம்புங்கள். மரத்தடியில் ஒதுங்காதீர்கள்.
* அறுந்த நரம்பைக் கரையில் போடாமல் சுருட்டி எடுத்து வாருங்கள். பறவைகளின் காலில் சிக்கும்.

பயிற்சி: இன்று இரவே கூகுள் எர்த்தில் உங்கள் வீட்டைச் சுற்றி 10 கிலோமீட்டர் வட்டம் போடுங்கள். உள்ளே எத்தனை நீர்நிலைகள் என்று பிள்ளையை எண்ணச் சொல்லுங்கள். உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஓர் ஏரியின் கோடைக்காலப் படத்தையும் ஒருமுறை திறந்து பாருங்கள்.