வேட்கைக் காலத்தில் பெட்டை நாயைப் பேணுதல்

வயலுக்கும் தோட்டத்துக்கும் காவலாக நாய் வளர்க்காத கமக்காரர் நம்மிடையே மிகச் சிலரே. காட்டுப்பன்றி வயலில் இறங்குவதையும், முள்ளம்பன்றி மரவள்ளியைக் கிண்டுவதையும், குரங்கு கத்தரித் தோட்டத்தை நாடி வருவதையும் நமக்கு முன் அறிவது நாயே. அவ்வாறிருந்தும், தம் பசு எப்போது வேட்கையுற்றது என்பதை நாள் தவறாது கூறக்கூடிய கமக்காரர் பலர், தம் பெட்டை நாயின் வேட்கையைப் பற்றிக் கேட்டால் விடை கூற மாட்டார். நெல்லையும் மிளகாயையும் பற்றி எழுத வேண்டிய விவசாயப் போதனாசிரியன் நாயைப் பற்றி எழுதப் புகுந்த காரணம் பின்வருமாறு.

இரணைமடுக் குளத்தின் கீழ் நெல்லும், மேட்டுக்காணியில் மிளகாயும் செய்யும் கமக்காரர் ஒருவருடைய பெட்டை நாய் கார்த்திகை மாதத் தொடக்கத்தில் வேட்கையுற்றது. இரத்தம் கண்ட அன்றே அவர் அதனைக் கட்டிவைத்தார். பத்தாம் நாள் இரத்தம் வெளிறி, நின்றுவிட்டது போலத் தோன்றியது. பன்றி வயலை உழக்கிய காலமாதலால், நாயை அவிழ்த்து இரவுக் காவலுக்குக் கொண்டு போகலாமோ என்று என்னிடம் கேட்டார். போகலாம் என்றேன். அன்றிரவே ஐந்தாறு கடுவன் நாய்கள் அவ்வயலிற் கூடின. பன்றி உழக்காத இடத்தையும் அவை உழக்கின. அவற்றை விலக்கப் போன அவருடைய மகனை, ஊர் தெரியாத கடுவன் ஒன்று காலிற் கடித்துவிட்டு ஓடிற்று. அந்நாய் பின்னர் அகப்படாமையால் பிள்ளைக்கு விசர்நாய்க்கடித் தடுப்பூசி முழுவதும் ஏற்ற வேண்டியதாயிற்று. தைப்பொங்கல் கழிந்து இரண்டு வாரத்தில், அரிவு வெட்டு மும்முரமாய் நடக்கும்போது, நாய் ஏழு குட்டிகள் ஈன்றது. இரண்டை அயலார் ஏற்றனர். மற்றவற்றை உரப்பையில் இட்டுச் சந்தைக்கருகே விட்டுவந்ததாக அவர் என்னிடம் தலைகுனிந்து சொன்னார். குனிய வேண்டிய தலை என்னுடையது.

பசுவும் நாயும் ஒன்றல்ல

நான் பயிற்சியிற் கற்றது பசுவின் வேட்கையையே. பசு ஏறத்தாழ 21 நாட்களுக்கு ஒரு முறை வேட்கையுறும். காளைக்கு நிற்கும் நேரம் ஒரு நாளுக்குள் அடங்கிவிடும். வேட்கை கழிந்து இரண்டொரு நாளில் சில பசுக்களில், சிறப்பாகக் கிடாரிகளில், வாலடியில் இரத்தம் காணப்படும். அதைக் கண்டால் 'காலம் தப்பிவிட்டது' என்று நாம் அறிந்துகொள்ளுகிறோம்.

நாயில் இது தலைகீழாகும். இரத்தம் முதலில் வரும். கருவுறும் காலம் அதன் பின்னரே வரும். இரத்தம் கடுஞ்சிவப்பாக இருக்கும் நாட்களிற் பெட்டை கடுவனை அண்டவிடாது. இரத்தம் வெளிறத் தொடங்கும்போதுதான் அது கடுவனை ஏற்கும். ஆகவே, 'இரத்தம் நின்றது, ஆபத்து நீங்கிற்று' என்று கட்டை அவிழ்ப்பவர், பெரும்பாலும் கருத்தரிக்கத் தகுந்த அதே நாளில் அவிழ்த்துவிடுகிறார். மாடு வளர்த்துப் பழகியவரே இத்தவற்றை எளிதிற் செய்வர்.

வேட்கையின் போக்கு

பெட்டை நாய் 6 மாதம் முதல் 12 மாதத்துள் முதன்முறை வேட்கையுறும்; பெருஞ்சாதி நாய்கள் இதிலும் பிந்தலாம். பின்னர் ஏறத்தாழ 6 அல்லது 7 மாதத்துக்கு ஒரு முறை வரும். மாரியில்தான் நாய்க்குக் காலம் என்று எண்ணியிருப்பதும் சரியன்று. எந்த மாதத்திலும் வரலாம்.

முதற்படியில் யோனிவாய் வீங்கி, சிவந்த நீர் சொட்டும். இது பொதுவாக 9 நாள் நீடிக்கும். சில நாய்களில் 3 நாளில் முடியும், சிலவற்றில் 17 நாள் வரையும் செல்லும். இந்நாட்களில் கடுவன்கள் படலையடியிற் காத்துக் கிடக்கும். பெட்டையோ அவற்றைச் சீறி விரட்டும். அடுத்த படியில் கசிவு, கழுநீரில் சிறிது குருதி கலந்தாற்போல இளஞ்சிவப்பாகவோ, வைக்கோல் நிறமாகவோ மாறும். வீக்கம் இளகும். இடுப்பருகே கையை வைத்தால் நாய் அசையாது நின்று வாலை ஒருபுறம் ஒதுக்கும். இதுவே கடுவனை ஏற்கும் காலம். இதுவும் பொதுவாக 9 நாள் நிற்கும்; ஆனால் 3 வாரம் வரை நீண்ட நாய்களும் உண்டு. கடுவனின் விந்து பெட்டையின் உடலில் ஐந்தாறு நாள் உயிருடன் இருக்க வல்லது. ஆதலால் ஒரு முறை தப்பி ஓடினாலும் போதும். பல கடுவன்களுடன் சேர்ந்தால் ஓர் ஈற்றிலேயே வெவ்வேறு தந்தையின் குட்டிகள் பிறப்பதும் உண்டு.

நாய் தன்னைத்தானே நக்கிச் சுத்தம் செய்யும் இயல்புடையதாகையால் முதல் இரண்டு மூன்று நாள் இரத்தம் நம் கண்ணுக்குப் புலப்படாது போகலாம். அடிக்கடி நக்குவதைக் கண்டால் வெள்ளைத் துணியொன்றை மெதுவாக ஒற்றிப் பாருங்கள். கறை கண்ட நாளை நாட்காட்டியிற் குறித்துக்கொள்ளுங்கள். அந்நாளிலிருந்து 21 நாள் முழுதாகக் கழியும்வரை நாயை வெளியே விடலாகாது. 21 நாள் ஆனபின்னும் வீக்கம் வற்றாதிருந்தாலோ, கடுவன்கள் வேலியைச் சுற்றினாலோ இன்னும் ஒரு வாரம் பொறுத்திருங்கள். கணக்கு நாட்காட்டியில் மட்டும் இல்லை, படலையடியிலும் இருக்கிறது.

அடைத்துவைக்கும் இடம்

கயிற்றிற் கட்டுவது காவலாகாது. கட்டிய நாய் ஓடவும் முடியாது, எதிர்க்கவும் முடியாது. கடுவனோ தேடி வந்து சேரும். கிடுகு வேலியும் போதாது. கடுவன் அதன் அடியைக் கிண்டி நுழையும். வேண்டுமாயின் நான்கடி மதிலையும் தாண்டும். கதவடைக்கக்கூடிய அறையே ஏற்றது. சமையற்கட்டின் ஒரு பக்கமாயினும், விறாந்தையில் மேலும் கீழும் கம்பிவலை அடித்த மறைப்பாயினும் ஆகும். தகரக் கூரையுள்ள சிறு கொட்டிலில் நண்பகலில் அடைத்துவிட்டு வயலுக்குப் போவது நாயைக் கொல்வதற்குச் சமம். காற்றோட்டமும் நிழலும் கவிழாத பாத்திரத்தில் நீரும் வேண்டும்.

இங்கே கமக்காரருக்கென்றே ஓர் எச்சரிக்கை உண்டு. நம் வீடுகளிற் பூட்டுள்ள அறை பெரும்பாலும் உரமும் கிருமிநாசினியும் எலி நஞ்சும் வைக்கும் அறையே. அவ்வறையில் நாயை ஒரு பொழுதும் அடைக்கக் கூடாது. எலி நஞ்சுகளிற் சில இரத்தம் உறையாதபடி செய்வன. அவற்றைத் தின்ற நாயிலும் இரத்தம் கசியும். வேட்கையெனக் கருதிய நாய்க்கு முரசிலிருந்தோ மூக்கிலிருந்தோ இரத்தம் வருமாயின், அல்லது முரசு வெளிறிக் காணப்படுமாயின், அது வேட்கையன்று. அன்றே கால்நடை வைத்தியரிடம் கொண்டு செல்க.

நாளுக்கு இருமுறை, வளர்ந்த ஒருவர் வாரைக் கையிற் பிடித்தபடி வெளியே கொண்டு போய் மலசலம் கழிப்பித்து உடனே திரும்ப வேண்டும். சிறுவர் கையிற் கொடுக்க வேண்டாம். கடுவன்கள் நெருங்கினாற் சிறுவரால் சமாளிக்க இயலாது. இந்த மூன்று வாரமும் வயற்காவலுக்கு நாய் இல்லையென்றே கணக்கிட்டு, அயற்காணிக்காரரோடு முறைவைத்துக் காவல் இருப்பதுதான் வழி. வேட்கையுற்ற நாயைக் காவற்கொட்டிலிற் கட்டிவைப்பது, நாற்றுமேடைக்கும் வெங்காயப் பாத்திக்கும் ஊர்க் கடுவன்களை அழைப்பதாகும்.

உணவில் விசேட மாற்றம் தேவையில்லை. சில நாள் தீன் குறையலாம். சோற்றுடன் மீனோ பருப்போ கலந்து சிறிது சிறிதாகக் கொடுங்கள். வெங்காயம் சேர்ந்த கறி வேண்டாம், அது நாய்க்கு நஞ்சு. பழஞ்சாக்கு விரித்து அதனை நாள்தோறும் மாற்றினால் ஈ மொய்க்காது. குளிப்பாட்டலாம், யோனிக்குள் மருந்துநீர் எதையும் செலுத்தலாகாது.

செய்யத்தகாதவை

வாடையை மறைக்கலாமென்று மண்ணெண்ணெய், பழைய எஞ்சின் எண்ணெய், வேப்பெண்ணெய் ஆகியவற்றை நாயின் பின்புறத்திற் பூசுவோர் உளர். கடுவனின் மூக்கை இவை ஏமாற்றா. மண்ணெண்ணெயும் எஞ்சின் எண்ணெயும் தோலைப் புண்ணாக்குவதோடு, நக்குவதால் நாயின் வயிற்றுக்குள்ளும் சென்று தீங்கு செய்யும்.

கூடிய நாய்கள் பிணைந்து நிற்கும்போது கல்லெறிவதும், தடியால் அடிப்பதும், வெந்நீர் ஊற்றுவதும் கொடுமை; பயனற்றதுங்கூட. பிணைந்த பின்னர் பிரிப்பதாற் கரு தடைப்படாது. இழுத்துப் பிரித்தால் இரண்டுக்கும் உட்காயம் உண்டாகும். வேதனையுற்ற நாய் அருகில் நிற்பவரைக் கடிக்கவும் கூடும். ஐந்து நிமிடம் முதல் அரை மணி நேரத்துள் அவை தாமாகவே பிரியும்.

மலிவென்று கருதி, அறிந்தவர் அறியாதவர் கையாற் கருத்தடை ஊசி போடுவிப்பதையும் கைவிட வேண்டும். இவ்வூசி ஏற்றிய நாய்களிற் கருப்பையில் சீழ் பிடிக்கும் நோய் கூடுதலாகக் காணப்படுகிறது. ஏற்கெனவே சினைப்பட்ட நாய்க்கு இதனைப் போட்டால் உரிய நாளிற் குட்டி ஈன மாட்டாமல் தாயும் இறக்க நேரிடும். நாய் தப்பி ஓடிச் சேர்ந்துவிட்டதாயின் நாளைக் குறித்துக்கொண்டு, சில நாளுக்குள் கால்நடை வைத்தியரைக் கண்டு ஆலோசியுங்கள். சினைக்காலம் ஏறத்தாழ 63 நாள். கார்த்திகையிற் சேர்ந்த நாய் அரிவு வெட்டிலே ஈனும் என்பதை மேலே கண்டோம்.

வேட்கை கழிந்த பின்

பல கமக்காரர் நாயை அவிழ்த்ததும் கவனத்தையும் அவிழ்த்துவிடுகின்றனர். அதற்கடுத்த இரண்டு மாதமே உண்மையில் ஆபத்து மறைந்திருக்கும் காலம். கருவுறாத நாய்க்குங்கூட முலை பெருத்துப் பால் சுரக்கலாம். வைக்கோலைக் கூட்டிப் படுக்கை அமைக்கலாம். இது பொய்ச்சினை. பாலைக் கறந்துவிட்டால் மேலும் சுரக்குமாதலால் தொடாது விடுக. இரண்டு மூன்று வாரத்திற் பெரும்பாலும் தானே வற்றும்.

ஆனால் வேட்கை முடிந்து 4 முதல் 8 வாரத்துள் நாய் தீன் மறுத்து, ஓயாது நீர் குடித்து, அடிக்கடி சிறுநீர் கழித்து, வாந்தி எடுத்துச் சோர்ந்து கிடக்குமாயின் கருப்பையில் சீழ் கட்டியதென்று ஐயுற வேண்டும். யோனிவாயிலிருந்து நாற்றமுள்ள சீழ் வடியலாம். வடியாமல் உள்ளேயே தேங்கி வயிறு பெருத்தால் ஆபத்து இன்னும் அதிகம். வயது சென்ற, குட்டி ஈனாத பெட்டைகளில் இது மிகுதி. நாளைக்குப் பார்ப்போம் என்று பொறுக்கத்தக்க நோயன்று இது. வீட்டிலுள்ள பனடோல் குளிசையைக் கொடுத்துப் பார்க்கவும் வேண்டாம். அது நாயின் ஈரலைக் கெடுக்கும்.

வேட்கையில்லாத காலத்தில் விட்டுவிட்டு இரத்தம் சொட்டுவதாயின், பூக்கோசுப் பூவைப் போன்ற தசை வளர்ச்சி யோனிக்குள் உண்டோ எனப் பாருங்கள். இது கலவியால் நாய்க்கு நாய் தொற்றும் ஒருவகைக் கட்டி. பார்வைக்கு அச்சந் தருமாயினும், வாரம் ஒன்றாகச் சில ஊசி ஏற்றினாற் பெரும்பாலும் முற்றாகக் குணமாகும். இக்கட்டியைக் கண்டு நல்ல காவல் நாயைக் காட்டில் விட்டுவந்தோரை அறிவேன்.

விசர்நோயும் கருத்தடைச் சத்திரசிகிச்சையும்

1973ஆம் ஆண்டில் இலங்கையில் விசர்நாய்க்கடி நோயால் 377 பேர் இறந்தனர். தடுப்பூசியின் பயனாக அண்மை ஆண்டுகளில் இத்தொகை இருபது முப்பது என்னும் அளவுக்கு இறங்கியுள்ளது. வேட்கைக் காலத்திற் கூடும் நாய்க்கூட்டம் ஒன்றையொன்று கடித்துக் கிழிப்பது இந்நோய் பரவ வாய்ப்பான வேளை. எனவே உங்கள் நாய்க்கு, பெட்டையாயினும் கடுவனாயினும், ஆண்டுதோறும் தடுப்பூசி போடுவித்து அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். எவரையேனும் நாய் கடித்தாற் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் காயத்தைக் கழுவி, அன்றே அரசினர் வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

குட்டி வேண்டாதவருக்குக் கருப்பையையும் சூலகங்களையும் நீக்கும் சத்திரசிகிச்சையே நிலையான வழி. வேட்கையும் வராது, கருப்பையிற் சீழும் பிடியாது. இளவயதிற் செய்தால் முலைக்கட்டி உண்டாவதும் மிகக் குறையும். 'அறுத்த நாய் காவல் காவாது' என்பது தவறான எண்ணம். பன்றியைக் கண்டு குரைக்கும் குணம் கருப்பையில் இல்லை. மேலே கூறிய கமக்காரரின் நாய் இன்று அவ்வாறு சிகிச்சை பெற்று, மூன்றாவது காலபோகத்திலும் அதே வயலைக் காத்து நிற்கிறது. மூன்று வாரம் கூட விடுப்பு எடுப்பதில்லை.

வேட்கை நடக்கும்போது உறுப்புகளில் இரத்த ஓட்டம் மிகுந்திருக்குமாதலால் அப்போது சத்திரசிகிச்சை செய்வதைத் தவிர்ப்பர். முடிந்து இரண்டு மூன்று மாதம் கழித்துச் செய்வது நன்று. உங்கள் பகுதி அரச கால்நடை வைத்திய அலுவலகத்திலோ, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ கருத்தடை முகாம் நடைபெறும் நாளை விசாரித்தறியலாம். முதல் நாள் இரவு தொடக்கம் தீன் கொடுக்காது, நாயை வாரிட்டுக் கொண்டு செல்லுங்கள். வேட்கை நாள் குறித்த நாட்காட்டித் தாளையும் தடுப்பூசி அட்டையையும் மறவாது எடுத்துச் செல்லுங்கள். வைத்தியர் முதலிற் கேட்பது அவ்விரண்டையுமே.