தேள் இரையைத் தொடாதபோது

வளர்ப்புத் தேள் சாப்பிடாமல் கிடந்தால் பலரும் முதலில் மாற்றிப் பார்ப்பது இரையைத்தான். சில்வண்டைத் தொடவில்லையா, கரப்பானைப் போடுகிறார்கள். அதற்கும் அசையாவிட்டால் மாவுப்புழு. தேடல் தவறான இடத்தில் நடக்கிறது என்பேன். தேள் ருசி பார்த்து ஒதுக்கும் பிராணி இல்லை. தன்னைவிடச் சிறிதாக எது அருகில் அசைந்தாலும் அந்த அதிர்வைக் கால்களிலும் இடுக்கிகளிலும் உள்ள நுண்ணுணர்வு உறுப்புகளால் அறிந்து பிடித்துவிடும். அப்படிப்பட்ட ஒன்று இரையை விட்டு விலகினால், தொட்டியின் சூட்டையும் ஈரத்தையும் அதன் உடல் இருக்கும் பருவத்தையும்தான் முதலில் பார்க்க வேண்டும்.

உலகெங்கும் அதிகம் வளர்க்கப்படும் எம்பரர் தேளையே எடுத்துக்கொள்வோம். கானா, டோகோ, பெனின் முதலிய மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் வெப்பமான, ஈரமான காடுகளில் மண்ணைத் தோண்டி வாழும் இனம் இது. ஏராளமாகப் பிடித்து விற்கப்பட்டதால் 1995 முதல் இதன் பன்னாட்டு வணிகம் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. நம் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் உள்ள பெரிய கருந்தேள்களும் இதே குடும்பந்தான். எம்பரர் தேளுக்கு ஏறத்தாழ 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரை வெப்பமும், கையில் எடுத்தால் பிடிபடும் அளவு ஈரமான ஆழ்ந்த மண்ணும் வேண்டும். குளிர்நாட்டு வீடுகளில் அறை வெப்பம் 20 டிகிரிக்கு இறங்கும்போது அதன் உடல் இயக்கம் தளர்ந்து செரிமானமும் மந்தமாகும். பசியே எடுக்காத நிலையில் எந்தப் பூச்சியைப் போட்டு என்ன பயன்? சூடேற்ற ஹீட் மேட் வாங்குவோர் அதைத் தொட்டியின் அடியில் வைப்பது இன்னொரு தொல்லை. சூடு அதிகமானால் கீழே தோண்டித் தப்புவதே தேளின் இயல்பு. அடியில் சூடு இருந்தால் தப்ப முயன்று மேலும் சூட்டுக்குள் போகும். மேட்டைப் பக்கச் சுவரில் ஒட்டி, தெர்மோஸ்டாட் ஒன்றையும் இணைக்க வேண்டும். தண்ணீரும் அவ்வளவு முக்கியம். ஆழமில்லாத தட்டில் எப்போதும் நீர் இருக்கட்டும். உடல் வறண்ட தேள் இரையைத் தேடாது.

அடுத்தது பருவம். வளரும் தேள் தோலுரிப்பதற்கு முன் நாள்கணக்கில், சில வேளை வாரக்கணக்கில் எதையும் தொடாது. சினையாக இருக்கும் பெண் தேளும் குட்டி போடும் காலம் நெருங்கும்போது சாப்பாட்டைக் குறைத்துவிடும். முதுகில் ஏறியிருக்கும் குட்டிகளோ முதல் தோலுரிப்பு முடியும்வரை உண்பதே இல்லை. உடலில் மிச்சமிருக்கும் கருவுணவே அவற்றுக்குப் போதும். இவை எதுவும் நோயல்ல. ஆனால் இறுதித் தோலுரிப்பை முடித்த முழு வளர்ச்சித் தேளுக்கு இந்தச் சாக்கு பொருந்தாது என்பதையும் மறக்கக் கூடாது.

சூட்டையும் ஈரத்தையும் சரிசெய்து காத்திருப்பதற்குள் அது பட்டினியில் செத்துவிடாதா என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது, ஆனால் நம் பசியை வைத்து அதன் பசியை அளக்கக் கூடாது. தேள் உடலில் செலவாகும் ஆற்றல், அதே எடையுள்ள பூச்சிகளும் சிலந்திகளும் செலவிடுவதில் ஏறத்தாழக் கால் பங்குதான். ஒரே வேளையில் தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை உண்டு, அதைச் செரிமானச் சுரப்பியில் சேமித்து, மாதக்கணக்கில் தாங்கும் இனங்கள் உண்டு. நாள்களை எண்ணுவதைவிட உடலைப் பார்ப்பது மேல். முதுகுத் தகடுகளுக்கும் வயிற்றுத் தகடுகளுக்கும் நடுவே பக்கவாட்டில் ஓடும் மென்தோல் நன்கு விரிந்து தெரிந்தால் சேமிப்பு இருக்கிறது. அது உள்ளே மடிந்து, தகடுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, வயிறு ஒட்டிப்போயிருந்தால் கவலைப்படத்தான் வேண்டும்.

இரையை உள்ளேயே விட்டுவைத்தால் வேண்டும்போது தின்னுமே என்றும் ஒரு வாதம் உண்டு. இதை நான் உறுதியாக மறுக்கிறேன். தோலுரித்த தேளின் உடல் மென்மையாக, தற்காப்பே இல்லாமல் இருக்கும். அந்நேரம் பசித்த ஒரு சில்வண்டு அதைக் கடித்துக் கொன்றுவிட முடியும். இரவில் விட்ட உயிருள்ள இரை காலையிலும் திரிந்தால் எடுத்துவிட வேண்டும். வலுக்கட்டாயமாக ஊட்டுவதும் ஆகாது. தேள் இரையை வாய்முன் கொடுக்குகளால் கசக்கி, செரிமானச் சாற்றை ஊற்றிக் கரைத்து, அந்தத் திரவத்தைத்தான் உறிஞ்சுகிறது; திண்ம உணவு அதன் வாய்க்குள் போகாது.

மெலிந்துபோன தேளுக்கு, அப்போதுதான் கொன்று உடலைப் பிளந்த பூச்சியை வளை வாயில் இரவு வைத்துப் பார்க்கலாம். காலையில் மிச்சத்தை அகற்றாவிட்டால் ஈர மண்ணில் பூஞ்சையும் பேன்சிலந்திகளும் பெருகும். சூடும் ஈரமும் சரியாக இருந்தும் உடல் சுருங்கிக்கொண்டே போனாலோ, கால்களை இழுத்து நடந்தாலோ, ஓட்டில் பூஞ்சைப் புள்ளிகள் பரவினாலோ, இனியும் காத்திராமல் இவ்வகை உயிரினங்களைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும்.