விட்டு விட்டுப் படுக்கும் எஞ்சின்: கூண்டு இறங்குவதற்குள் பாருங்கள்

வடகிழக்குப் பருவமழை பிடித்துவிட்டது. இனி டிசம்பர் வரை சோழமண்டலக் கரையில் புயல் கூண்டு ஏறினால் படகு மணலில், இறங்கினால் அவசரமாகத் தண்ணீரில் என்றுதான் நாட்கள் போகும். இப்படி வாரக்கணக்கில் கிடந்து எழும் ஃபைபர் படகுகளில் ஒரு கோளாறு தலைகாட்டும். துறையில் முதல் இழுப்பிலேயே அவுட்போர்டு எஞ்சின் பிடித்துக்கொள்ளும். அரை மணி நேரம் குறையில்லாமல் ஓடும். பிறகு இழுவை தளரும், தானாகத் தேறும், மறுபடி படுக்கும். கரைக்குக் கொண்டுவந்து முடுக்கினால் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடும்.

அடியோடு நின்றுபோன எஞ்சினைவிட எனக்கு இதில்தான் பயம் அதிகம். நின்றுபோனதை நம்பி யாரும் கடலேற மாட்டார்கள். இதை நம்பிப் போய்விடுவார்கள். வாடையில் நீவாடு (நீரோட்டம்) தெற்கே இழுக்கும் காலம் இது. அலை உடையும் இடத்தில் ஒரு நிமிடம் இழுவை போனாலே படகு குறுக்கே திரும்பிவிடும். பாக் நீரிணையிலோ இலங்கையோடு 1974 ஒப்பந்தத்தில் வரைந்த எல்லைக் கோடு வெகுதொலைவில் இல்லை.

கார்பரேட்டரைக் கழற்றுவதற்கு முன், டேங்குக்கும் எஞ்சினுக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் பல்பைப் பாருங்கள். எஞ்சின் படுக்கத் தொடங்கும் அந்த நொடியில் அதைக் கையில் பிடிக்க வேண்டும். பல்பு உறிஞ்சப்பட்டுச் சப்பையாகக் கிடந்தால் டேங்குப் பக்கம் அடைப்பு. தொளதொளவென்று இருந்து, நாலு அழுத்து அழுத்தியதும் எஞ்சின் உயிர் பெற்றால், குழாயில் எங்கோ காற்று நுழைகிறது அல்லது எரிபொருள் பம்பின் சவ்வு தளர்ந்துவிட்டது. கல்போல் இறுகி இருந்தும் எஞ்சின் படுத்தால், பல்புவரை குறையில்லை. ஃபில்டர், கார்பரேட்டர், பிளக் என்று அதற்கு மேலே தேடலாம்.

டேங்குப் பக்கம் என்றதும் முதலில் மூடியிலுள்ள காற்றுத் திருகைப் பாருங்கள். மழைத்தண்ணீர் இறங்கக் கூடாதென்று இறுக்கி வைப்போம், புறப்படும்போது திறக்க மறப்போம். எண்ணெய் குறையக் குறைய உள்ளே காற்று இல்லாமல் உறிஞ்சல் நின்றுவிடும். அந்த அரை மணி நேரக் கணக்குக்குப் பல சமயம் காரணம் இந்தத் திருகுதான். அடுத்து குழாயின் இரு முனை இணைப்புகளிலும் உள்ள ரப்பர் வளையங்கள். வெடித்திருந்தால் ஒட்டுப்போடாமல் மாற்றிவிடுங்கள்.

இந்தப் பருவத்தின் பெரிய எதிரி தண்ணீர். பாதி காலியான டேங்கில் ஈரக்காற்று குளிர்ந்து அடியில் நீராகத் தேங்கும். கரையில் அது அசையாமல் கிடப்பதால் எஞ்சின் நன்றாக ஓடும். அலையில் டேங்கு குலுங்கும்போதுதான் ஒரு மிடறு தண்ணீர் குழாயில் ஏறும், இழுவை போகும், மறுபடி வரும். இப்போது நம் பங்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம்வரை எத்தனால் உண்டு. பல அவுட்போர்டு தயாரிப்பாளர்கள் 10 சதவீதத்தைத்தான் வரம்பாகச் சொல்கிறார்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும். அளவு மிஞ்சினால் தண்ணீரோடு சேர்ந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு இது இரட்டை ஆபத்து. கலந்த ஆயில் மேலே பெட்ரோலோடு நின்றுவிடும், அடியிலிருந்து உறிஞ்சப்படுவதில் ஆயில் இராது, பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

ஆகவே இன்றே டேங்கின் அடியிலிருந்து ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து, அரை மணி நேரம் அசையாமல் வையுங்கள். அடியில் தனி அடுக்கு தெரிந்தால் டேங்கு முழுவதையும் காலிசெய்து, துடைத்து, ஃபில்டரையும் கார்பரேட்டர் கிண்ணத்தையும் கழுவுங்கள். மண்ணெண்ணெய் எஞ்சினுக்கும் இதே சோதனைதான். நீர் பிரிக்கும் ஃபில்டர் ஒன்றை டேங்குக்குப் பிறகு பொருத்தினால் காசு வீணாகாது. படகு கிடக்கும் நாட்களில் டேங்கை நிரப்பி மூடி வையுங்கள், இல்லையென்றால் முழுதாகக் காலிசெய்துவிடுங்கள்.

எண்ணெயில் குறையில்லை என்றால் மின்சாரம். குளிர்ந்த எஞ்சினில் நல்ல பொறி தரும் காயில், சூடேறியதும் கைவிடும். சோதனையைச் சூட்டிலேயே செய்யுங்கள், பெட்ரோல் ஆவியிலிருந்து தள்ளி. எர்த் கம்பி முனையில் பச்சை பூத்திருந்தால் சுரண்டி இறுக்குங்கள். அவசர நிறுத்தக் கயிற்றின் கொக்கி தளர்ந்திருந்தாலும் அலை அடிக்கும்போது எஞ்சின் அறுந்து அறுந்து ஓடும்.

வெள்ளத்தோடு முகத்துவாரத்தில் ஆகாயத்தாமரையும் பிளாஸ்டிக்கும் இறங்கும் நேரம் இது. குளிர்நீர் துவாரம் அடைபட்டுச் சூடேறினால் புதிய எஞ்சின்கள் பல தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பின்பக்கம் பீய்ச்சும் நீர்த்தாரை மெலிந்தால் உடனே நிறுத்தித் துவாரத்தைச் சுத்தம் செய்யுங்கள். தாரை தேறவில்லையென்றால் இம்பெல்லர் தேய்ந்திருக்கலாம். எஞ்சின் சத்தம் ஏறியும் படகு ஏறாவிட்டால் விசிறியில் நைலான் சுற்றியிருக்கலாம், அல்லது நடு ரப்பர் வழுக்குகிறது.

படகில் புது பிளக் இரண்டு, ஸ்பேனர், பல்போடு மாற்றுக் குழாய், மூடிய கேனில் தனியாகக் கொஞ்சம் நல்ல எரிபொருள், நங்கூரக் கயிறு, துடுப்பு, உயிர்காப்புச் சட்டை இருக்கட்டும். கடலோரக் காவல்படையின் 1554 எண் எல்லோருடைய போனிலும் பதிந்திருக்கட்டும். கரை மறைந்த பிறகு போன் எடுக்காது, அங்கே வி.எச்.எஃப். 16ஆம் சானல்தான்.

கூண்டு இறங்கிய முதல் நாளே தூரம் போக வேண்டாம். வலையை ஏற்றிய அதே பாரத்தோடு, இன்னொரு படகையும் கூட்டிக்கொண்டு, கரை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். ஒருவர் சுக்கானில் இருக்க, மற்றவர் பல்பில் கை வைத்திருக்கட்டும்.