நாச்சியாரிடம் பேசின சிறு பெண்

வேதபகுதி: 2 இராஜாக்கள் 5:1-15

சீரியாவின் படைத்தலைவனாகிய நாகமானுடைய வீட்டில் ஒருநாள் நடந்த சிறிய சம்பாஷணை, இரண்டு ராஜாக்களின் அரண்மனை வரைக்கும் எட்டியது. பேசினவள் இஸ்ரவேலிலிருந்து சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்ட ஒரு பெண்பிள்ளை. அவளுடைய பெயரை வேதம் சொல்லவில்லை. கேட்டவள் அவளுடைய நாச்சியார். எஜமான் சமாரியாவிலுள்ள தீர்க்கதரிசியிடம் போவாரானால் குஷ்டரோகம் நீங்கிச் சுகமடைவார் என்பதே அவள் சொன்னதின் சாரம். அது ஒரே வசனத்தில் முடிந்துவிடுகிறது.

ஞாயிறு பள்ளியில் படங்காட்டிச் சொல்லுகிற கதையாக மட்டுமே இதை அநேகர் நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்தப் பெண் எதைப் பணயமாக வைத்துப் பேசினாள் என்பதை யோசிக்க வேண்டும். படைத்தலைவன் 10 தாலந்து வெள்ளியும், 6,000 சேக்கல் பொன்னும், 10 மாற்றுவஸ்திரங்களும் எடுத்துக்கொண்டு எதிரி தேசத்துக்குப் புறப்படுகிறான். அவன் சுகமாகாமல் திரும்பியிருந்தால் அந்த அடிமைப்பெண்ணின் கதி என்னவாகியிருக்கும்? அவளுக்காகப் பரிந்து பேச அந்த ஊரில் தகப்பன் இல்லை, சகோதரன் இல்லை.

லூக்கா 4:27-இல் ஆண்டவர் சொன்ன ஒரு செய்தி இதை இன்னும் ஆழமாக்குகிறது. எலிசாவின் நாட்களில் இஸ்ரவேலில் குஷ்டரோகிகள் அநேகர் இருந்தும், நாகமானைத் தவிர ஒருவனும் சுத்தமாக்கப்படவில்லை. அப்படியானால், எலிசா ஒரு குஷ்டரோகியைச் சுகமாக்கியதை அந்தப் பெண் தன் ஊரில் கண்டிருக்க வாய்ப்பே இல்லை. கண்டதை வைத்து அல்ல, தேவன் எப்படிப்பட்டவர் என்று அறிந்ததை வைத்தே அவள் பேசினாள். சிங்காசனத்தில் வீற்றிருந்த இஸ்ரவேலின் ராஜாவோ, கடிதத்தை வாசித்தவுடன் வஸ்திரத்தைக் கிழித்துக்கொண்டான். தன் தேசத்தில் ஒரு தீர்க்கதரிசி உண்டு என்பது அவனுடைய நினைவுக்கு வரவில்லை. அந்நிய தேசத்தில் பணிவிடை செய்த பிள்ளைக்கு அது மறக்கவில்லை.

அவள் பேசின விதமும் கவனிக்கத்தக்கது. சீரியரின் தேவர்களை அவள் பழிக்கவில்லை. தன்னைச் சிறைபிடித்த வீட்டாரின் வியாதியைக் கண்டு, இது தேவகோபம் என்று மனதுக்குள் மகிழவும் இல்லை. எஜமான் நலம்பெற வேண்டும் என்ற ஏக்கமே அவளைப் பேச வைத்தது. ஒரு நாளும் பொய் சொல்லாத, வேலையில் குறைவைக்காத பெண்ணாக அவள் இருந்திருக்க வேண்டும்; இல்லாவிட்டால் பணிப்பெண்ணின் ஒரு வார்த்தையை நம்பி நாகமான் ராஜாவிடம் போயிருப்பானா?

மும்பையின் மின்சார ரயிலில் பெண்கள் பெட்டியிலும், டெல்லியின் குடியிருப்புகளில் தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் வரிசையிலும், மருத்துவமனை வராந்தாக்களிலும் இப்படிப்பட்ட தருணங்கள் தினமும் வருகின்றன. அடுத்த வீட்டுப் பெண் தன் பிள்ளையின் காய்ச்சலைப் பற்றிச் சொல்லிக் கண்கலங்குகிறாள். கேட்கிற விசுவாசி, "கடவுள் பார்த்துக்கொள்வார்" என்று சொல்லி நகர்ந்துவிடுகிறாள். அதில் தவறு ஒன்றுமில்லை. ஆனால் தன் வீட்டில் முழங்கால்படியிட்டு எந்த நாமத்தைச் சொல்லி ஜெபிக்கிறாளோ, அந்த நாமம் மாத்திரம் வாசலில் நின்றுவிடுகிறது. "நான் இயேசுவிடம் ஜெபிக்கிறவள், உங்கள் பிள்ளைக்காகவும் ஜெபிக்கட்டுமா?" என்று கேட்பதற்கு வேதாகமக் கல்லூரிப் படிப்பு தேவையில்லை. வேண்டாம் என்று அவள் சொன்னால், அதற்குப் பிறகும் அந்தப் பிள்ளைக்குக் கஞ்சி வைத்துக் கொடுப்பதில் குறைவு வரக்கூடாது.

பெண்கள் பேசாமலே நடக்கையினால் ஆதாயப்படுத்தலாமே என்று 1 பேதுரு 3:1-ஐ எடுத்துக்காட்டுகிறவர்கள் உண்டு. அந்த வசனம், வசனத்துக்குச் செவிகொடாத கணவனோடு வாழ்கிற மனைவிக்குச் சொல்லப்பட்டது. அதே அதிகாரத்தின் 15-ஆம் வசனமோ, நம்பிக்கையின் காரணத்தைக் கேட்கிற எவருக்கும் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் பதில் சொல்ல ஆயத்தமாயிருக்கும்படி விசுவாசிகள் அனைவருக்கும் கட்டளையிடுகிறது. முதல் வசனத்தைப் பெண்களுக்கும் 15-ஆம் வசனத்தை ஆண்களுக்கும் பங்கிட்டுக் கொடுக்க யாருக்கும் அதிகாரமில்லை. கேள்வி எழும்பும்படியான நடக்கையும், கேட்டபோது சொல்லத்தக்க பதிலும் ஒருத்தியிடமே இருக்க வேண்டியவை.

இவ்விரண்டையும் சேர்த்து வாழ்ந்தவர் பண்டித ரமாபாய். 1883-இல் இங்கிலாந்தில் ஞானஸ்நானம் பெற்ற அவர், 1889-இல் பம்பாயில் சாரதா சதன் என்ற இல்லத்தை விதவைகளுக்காகத் தொடங்கினார். மறுஆண்டில் அது பூனாவுக்கு மாறியது. அங்கே மதபோதனை எவர்மேலும் திணிக்கப்படாது என்பது ஒப்பந்தம். ரமாபாய் அதை மீறவில்லை. ஆனால் தன் மகள் மனோரமாவோடு வேதம் வாசித்து ஜெபிக்கும்போது தன் அறையின் கதவை அவர் அடைக்கவும் இல்லை. சில பெண்கள் தாங்களாகவே வந்து உட்கார்ந்தார்கள். கேட்டவர்களுக்கு அவர் பதில் சொன்னார்.

அந்தத் திறந்த கதவு பெரிய எதிர்ப்பைக் கொண்டுவந்தது. 1893-இல் ஆலோசனைக் குழுவினர் விலகினார்கள். உறவினர் பலர் தங்கள் பெண்களை இல்லத்திலிருந்து அழைத்துக்கொண்டு போனார்கள். கதவைச் சாத்திக்கொண்டு ஜெபித்திருந்தால் இத்தனை நஷ்டம் நேர்ந்திராது என்று எண்ண இடமுண்டு. சொந்த வீட்டில் தன் ஆண்டவரை மறைத்து வாழ அவர் சம்மதிக்கவில்லை. எஞ்சியிருந்த பெண்களோடு வேலை தொடர்ந்தது. 1896-97-இல் மத்திய மாகாணங்களைப் பஞ்சம் வாட்டியபோது அவர் அங்கே சென்று, பட்டினியால் வாடிய நூற்றுக்கணக்கான பெண்களையும் சிறுமிகளையும் அழைத்துவந்தார். பூனாவுக்கு அருகே கேட்காவில் அவர்களுக்காக உண்டான முக்தி இல்லம், 1922-இல் அவர் மரித்த பின்பும் ஆதரவற்ற பெண்களுக்குக் கதவைத் திறந்தே வைத்திருக்கிறது.